மழைக்கு விட்ட லீவு

சாரலுக்கு எங்கள் ஊரில் யாரும் லீவு விடமாட்டார்கள். ஆனி, ஆடியில் தென்காசிப் பிள்ளைகள் ஈரச் சீருடையோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஒரு தூறல், உடனே வெயில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மறு தூறல். இதற்கெல்லாம் விடுமுறை என்று ஆரம்பித்தால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட வேண்டியதுதான். லீவு கிடைப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு.

இன்றைக்குக் கிடைத்தது. விடியுமுன்பே செல்போனில் கலெக்டர் அறிவிப்பு. போன வருஷத்து அறிவிப்பைத் தூசி தட்டி அனுப்புகிறவர்கள் உண்டு என்பதால் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். நிஜம்தான். டீச்சராகி இத்தனை காலம் ஆன பிறகும் இதைப் பார்த்ததும் வயிற்றுக்குள் ஒரு துள்ளல். மழை லீவில் பிள்ளைகளைவிட டீச்சர்களுக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்பது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ளமாட்டோம். பின்னால் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டச் சொல்வார்கள். அது பின்னால்.

*

பொங்கல் லீவு, காலாண்டு லீவு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே வேலை குறித்து வைத்திருப்பேன். பரண் சுத்தம் பண்ண வேண்டும், பேங்குக்குப் போக வேண்டும். மழை லீவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. காலையில் குளிக்கவில்லை. மாவு இருந்தது, ஆளுக்கு ஒன்றாகத் தோசை ஊற்றி அடுப்படியிலேயே நின்று தின்றோம். மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை இல்லை. தென்காசியில் வளர்ந்தவர்களுக்கு மேற்கே மலை தெரியாத காலை கொஞ்சம் திக்கென்றிருக்கும். நாலு தெருவுக்கு அப்பால் உலகம் முடிந்துபோய் வெறும் வெள்ளை. அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வேறு இருந்தேன்.

பிள்ளைகள் இரண்டும் முன் அறையில் பந்தைச் சுவரில் அடித்துக் கூச்சல் போட்டன. “சத்தங்காட்டாதீங்க” என்று வாயில் வந்துவிட்டது. “ஏம்மா, யார் தூங்குதா?” என்றாள் பெரியவள்.

யாரும் தூங்கவில்லை.

*

அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. கேங்கில் சேர்ந்து, கீமேன் ஆகி, ஓய்வு பெறும்வரை செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில்தான் இருந்தார். 1904இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. பகவதிபுரம் தாண்டினால் குகை, குகை தாண்டினால் ஆரியங்காவு, அப்புறம் கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் ராத்திரி ரோந்து உண்டு. தனக்குக் குறித்த தூரத்தை ஒரு ஆள் நடந்தே பார்க்க வேண்டும். மண் சரிந்திருக்கிறதா, பாறை உருண்டு கிடக்கிறதா, பாலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, ஜல்லி அரிக்கிறதா. கையில் பச்சை, சிவப்பு, வெள்ளை மூன்றும் காட்டுகிற மண்ணெண்ணெய் விளக்கு. பையில் எச்சரிக்கை வெடி. பாதை சரியில்லை என்றால் தூரத்தில் தண்டவாளத்தின் மேல் அதை வைத்துவிட்டு, சிவப்பைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். அப்பா தன் சர்வீஸில் அதை வைக்க நேர்ந்ததே இல்லை என்று அம்மா சொல்வாள், பெருமையாகவா ஆறுதலாகவா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில்.

ஆக, எங்கள் வீட்டில் மழை என்றால் எனக்கும் தம்பிக்கும் லீவு, அப்பாவுக்கு டூட்டி. ராத்திரி முழுக்க நனைந்து நடந்துவிட்டு விடிந்து வருவார். அம்மா வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். நெற்றியில் அமிர்தாஞ்சன் தேய்த்துக்கொண்டு படுத்தாரென்றால் மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பார். குற்றாலநாதருக்குத் தலையில் மூலிகைத் தைலம் சாத்துவார்கள், அருவிக் குளிருக்குக் கஷாயம் படைப்பார்கள். “சாமிக்கே தலைவலின்னா நான் எம்மாத்திரம்” என்பது அப்பாவின் நிரந்தர நகைச்சுவை. நாங்கள் சிரிக்கிறோமா என்று பார்ப்பதற்குள் தூங்கிவிடுவார்.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது ஒன்றே அறை. அதனால் எங்கள் சின்ன வயசு மழை லீவெல்லாம் குசுகுசுப்பில் கழிந்தது. தாயக்கட்டையைத் தரையில் உருட்டினால் சத்தம் வரும் என்று பாய் மேல் உருட்டுவோம். சண்டை வந்தால் சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்வோம், அழுகிறவர் அடுப்படிக்குப் போய் அழ வேண்டும். வெளியே மழை, உள்ளே அப்பாவின் குறட்டை. மழை ஓங்கினால் குறட்டை கேட்காது, மழை குறைந்தால் குறட்டை கேட்கும். லீவு என்றால் எனக்கு அந்த இரண்டு சத்தமும்தான்.

*

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் மலையேறி, தன் மழையில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் மீந்த ஈரம் அந்த வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் வருகிறது. அதுதான் சாரல், அதுதான் சீசன், குற்றாலத்தின் பேரும் பிழைப்பும் அதில்தான். வெள்ளைக்காரன் ரயில் விட்டதும் அதே கணவாய் வழியாகத்தான். மழையும் ரயிலும் ஒரே வாசலால் வந்த ஊர் எங்களுடையது. அப்பா அந்த வாசலில் விளக்கோடு நின்றவர். இப்படி எழுதினால் கொஞ்சம் ஜோடனையாகத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லியிருந்தால் “நின்னா சம்பளம் தருவானா, நடக்கணும்லா” என்றிருப்பார்.

ரோந்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தன் தூரம் முடிகிற இடத்தில் எதிர்ப் பக்கத்து ரோந்து ஆள் வந்து சேருவார். இரண்டு பேரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். புத்தகம் மாறினால்தான் இரண்டு பேரும் முழுத் தூரமும் நடந்தார்கள் என்று அர்த்தம். நடுக்காட்டில், நடுராத்திரியில், கொட்டுகிற மழையில் இரண்டு விளக்குகள் பக்கத்தில் வந்து, ஒரு பீடி பற்றுகிற நேரம் நின்று, திரும்பப் பிரிந்து போகும். அப்பாவுக்கு எதிரே வந்தவர் ஒரு மலையாளி. அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தார். எங்களோடு அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, “மழை வந்தா ஓர்மை வரும் மோளே” என்று மட்டும் சொன்னார். சொந்தக்காரர்கள் அன்று பேசிய எதுவும் இப்போது நினைவில்லை.

*

அப்பாவை நினைக்க நாள் குறித்து வைத்திருக்கிறோம். திதி உண்டு. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் அருவிக்கரை முழுக்கத் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி சென்னையிலிருந்து வந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பான். நான் மகள், எனக்கு அங்கே மாற்று வேட்டியும் துண்டும் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்ததில்லை. ஐயருக்குச் சில்லறை இருக்கிறதா, செருப்பை எங்கே விட்டோம், கூட்டத்தில் பையன் எங்கே போனான் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். காலண்டரில் இல்லாத இந்த மாதிரி நாளில், தோசையைத் தின்றுவிட்டு மலை தெரியவில்லையே என்று சுகமாக உட்கார்ந்திருக்கும்போதுதான் உள்ளே என்னவோ செய்கிறது. துக்கம் என்றும் சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய மழையில் இவர் வேலைக்குப் போகாமல் எப்படி இருக்கிறார் என்கிற மாதிரியான ஒரு திகைப்பு.

*

மதியம் மழை கொஞ்சம் விட்டது. பிள்ளைகள் நச்சரிப்பு தாங்காமல் குற்றாலத்துக்கு பஸ் ஏறினோம். குளிக்கத் தடை என்று தெரிந்தேதான் போனோம். பேரருவிக்கு முன்னாலேயே போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர், பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெளியே விழுகிறது. அருவி நடுவே உள்ள பொங்குமாங்கடல் பள்ளத்தில் முட்டித் திரும்புகிற இடம் எது, கீழே பாய்கிற இடம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மரக்கிளை வருகிறது, கல் வருகிறது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தடையைப் பற்றி நான் முணுமுணுப்பதில்லை.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் கடைத் திண்ணையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில்கள் வரிசை கலையாமல் இருந்தன. ஊருக்கு லீவு, அவர்களுக்குக் கூலி போச்சு. பஜ்ஜிக் கடை அண்ணாச்சி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் வாங்கிக்கொண்டு சன்னதி பஜாரில் ஒதுங்கி நின்றோம். முகத்தில் அருவியின் பிசிறு வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. கத்திப் பேசினால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். பையன் வேண்டுமென்றே தொண்டை கிழியக் கத்தினான். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா இந்தப் பேரருவியில் குளித்து நான் அதிகம் பார்த்ததில்லை. “ஒரு வருஷத்துக்கு உண்டானது ஒரே ராத்திரியில் நனைஞ்சாச்சு” என்று கரையில் உட்கார்ந்து எங்கள் துணிகளைக் காவல் காப்பார். நாங்கள் குளித்து நடுங்கிக்கொண்டு வரும்போது துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆடி அமாவாசைக்குத் துண்டோடு நிற்கிற வேலை எனக்கு வந்தது அப்படித்தான் போலிருக்கிறது.

இந்தக் குற்றாலத்தில்தான் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்தார். 1954இல் மறைந்தார். மகன் தீத்தாரப்பனைப் பறிகொடுத்தவர் அவர். அதற்குப் பிறகும் நண்பர்களை அழைத்து உட்கார வைத்து, கம்பனைப் படித்துக் காட்டி, அருவியையும் சாப்பாட்டையும் ஒன்றுபோல ரசித்துக்கொண்டு இருந்தார். பெரிய மனசு என்பார்கள். பெரிய மனசுதான். ஆனால் சின்ன மனசுக்காரர்களும் பஜ்ஜி தின்றுகொண்டே அதைத்தான் செய்கிறோம், யாரும் புத்தகம் போடுவதில்லை.

*

2010 செப்டம்பரில் மலைப்பாதையில் மீட்டர் கேஜை நிறுத்தியபோது அப்பா ஓய்வு பெற்றிருந்தார். அதற்குப் பிறகும் மழை ராத்திரிகளில் எழுந்து வாசலில் நிற்பார். “போற வண்டியும் இல்ல, வாற வண்டியும் இல்ல, யாருக்காக நிக்கீங்க” என்று அம்மா சத்தம் போடுவாள். பதில் சொல்லமாட்டார். 2018இல் அதே கணவாயில் அகலப்பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தபோது அவர் இல்லை.

2023 டிசம்பர் 17 ராத்திரி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். சுமார் 800 பயணிகள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படம் மறுநாள் எல்லாருடைய செல்போனிலும் வந்தது. சாப்பாடு கிடைக்காமல் பயணிகள் பட்ட கஷ்டத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நான் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி அந்த இடத்துக்குப் போகவில்லை. போகாமல் நின்றது. அப்பா சொல்லிப் பழகிய பாஷையில் நல்ல ராத்திரி என்றால் அதுதான்: “ஒண்ணும் நடக்கல.” காலையில் வந்து அம்மாவிடம் அதைத்தான் சொல்வார். சின்னவளாக இருந்தபோது என்ன சலிப்பான வேலை என்று நினைத்திருக்கிறேன்.

*

ராத்திரி தம்பி கூப்பிட்டான். அங்கே மழை இல்லையாம், பொறாமைப்பட்டான். அருவியைப் பற்றிச் சொன்னேன், பஜ்ஜியைப் பற்றிச் சொன்னேன், வளைவைத் தாண்டி விழுகிறது என்று சொன்னேன்.

“ஐயோ, அப்போ அப்பாவுக்கு இன்னைக்கு நைட் டூட்டிக்கா” என்றான்.

“விடிஞ்சு வருவாரு. நீ சத்தங்காட்டாம போனை வை” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்து, யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்து, அப்புறம் அவன் பையனுக்குச் சளி, அம்மாவுக்கு மாத்திரை என்று பேசிவிட்டு வைத்தோம்.

வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. என் வகுப்புப் பையன், அவன் அம்மா போனிலிருந்து.

“டீச்சர், நாளைக்கும் லீவா?”

“தெரியாதுப்பா. கலெக்டர் சொல்லணும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான், “சொல்லச் சொல்லுங்க டீச்சர்.”