எச்சம் சொல்வதும் சொல்லாததும்

ஆனி, ஆடியில் பல்லடத்தில் காற்றுதான் அடிக்கும், மழை அரிது. அதே நாட்களில் வடக்கே மங்கலம், திருப்பூர் வழியாகப் போகும் நொய்யலில் செந்நீர் புரண்டு வந்தால் கரையில் நிற்பவர் திகைப்பதில்லை. "வெள்ளியங்கிரிப் பக்கம் நல்ல மழையாட்ட இருக்குதுங்க" என்பார். மழையை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும்.

இந்த அறிவுக்கு மணிமேகலை ஒரு பெயர் வைத்திருக்கிறது. அனுமானம் பொது, எச்சம், முதல் என மூவகைப்படும் என்று அதன் 27ஆம் காதை சொல்கிறது. கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்பது எச்சம். விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்தை நோக்கிப் பின்னால் நடப்பது இது. எச்சம் என்றால் மிஞ்சிக் கிடப்பது என்றும் பொருள். அந்த இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தும் சிறு பண்டம் ஒன்று உண்டு: சுட்டு முடிந்தபின் தரையில் உருளும் பித்தளைத் தோட்டா உறை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அரைத் தானியங்கி வகை. ரிவால்வரில் காலி உறை உருளைக்குள்ளேயே தங்கிவிடும். இந்த வகையிலோ வெடிப்பின் விசையில் மேல்தகடு பின்னால் ஓடும். கொக்கி ஒன்று உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும். தட்டி ஒன்று அதை வெளியே எற்றும். கண் இமைப்பதற்குள் முடியும் இந்த ஓட்டத்தில் ஊசி குத்திய குழி, கொக்கியின் கீறல், தட்டியின் தடம் எல்லாம் பித்தளையில் பதிந்துவிடும்.

நூறு வயதான துப்பாக்கியைப் பழுது பார்ப்பவர் முதலில் கையில் எடுப்பது துப்பாக்கியை அல்ல, அது துப்பிய உறையைத்தான். பல்லடத்து விசைத்தறிக் கொட்டகையிலும் இதே வழக்கம். துணியில் பழுது விழுந்தால் மெக்கானிக் துணியைக் கோபிப்பதில்லை. பாவு அறுந்ததா, நாடா தடுமாறியதா, அச்சுப்பல் வளைந்ததா என்று துணியையே கேட்பார். உறையின் வாய் நசுங்கியிருந்தால் சுருள்வில் தளர்ந்து மேல்தகடு தாறுமாறாக ஓடியிருக்கலாம், கொக்கி தேய்ந்திருக்கலாம், வெளியேறும் வழியின் ஓரத்தில் உறை மோதியிருக்கலாம். விளிம்பு கிழிந்திருந்தால் துருவேறிய அறை உறையை விடாமல் பிடித்திருக்கக்கூடும். நெடுக வெடித்திருந்தால் பித்தளை கிழடாகி முறுகியிருக்கலாம். அப்போது குற்றம் துப்பாக்கியிடமே இல்லாமலும் போகலாம்.

ஒரு காயம், பல காரணம். இந்த இடத்தில்தான் தருக்கம் கூர்மையாகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது சான்றுபோல் தோன்றும் போலிகளை, அடுக்குகிறார். அவற்றுள் ஒன்று அநைகாந்திகம்: காட்டும் அடையாளம் இதற்கும் பொருந்தும், வேறொன்றுக்கும் பொருந்தும், ஆகவே எதையும் நிறுவாது. நல்ல பழுதுக்காரர் இந்தப் பெயரை அறியாமலே இந்தப் பிழையைத் தவிர்க்கிறார். சுருள்வில்லை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்க்கிறார். பிறகு புதிய தோட்டா. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அது இருக்கும்போது இதுவும் இருக்கிறதா, அது போனால் இதுவும் போகிறதா? அந்நுவயம், வெதிரேகம் என்று தருக்க நூலார் சொன்னது இதைத்தான்.

இவ்வளவு கவனமும் எதுவரை கொண்டுபோகும்? அமெரிக்காவில் 1920 ஏப்ரல் 15 அன்று நடந்த கொள்ளையில் இருவர் கொல்லப்பட்டனர். தரையில் கிடந்த உறைகளில் ஒன்று சாக்கோ என்பவரின் கோல்ட் கைத்துப்பாக்கியில் வெடித்தது என்று 1927இல் ஒப்பீட்டு நுண்ணோக்கியின் உதவியுடன் துப்பாக்கித் தடய நிபுணர் கால்வின் காடார்ட் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று சாக்கோவும் அவருடன் தண்டிக்கப்பட்ட வான்செட்டியும் மின்நாற்காலியில் கொல்லப்பட்டனர். விவாதம் மட்டும் அடங்கவில்லை. இத்தகைய ஒப்பீட்டின் நம்பகத்தன்மை போதிய சோதனைகளால் இன்னும் நிறுவப்படவில்லை என்று 2016இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு எழுதியது. ஒப்பீடு சரியென்றே வைத்துக்கொண்டாலும் உறை துப்பாக்கிவரைதான் போகும். பிடித்த கைவரை போகாது. மனம்வரை போகவே போகாது. வாஞ்சியின் நோக்கம் உலகுக்குத் தெரிந்தது அவர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தால், பித்தளையால் அல்ல.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. ஆனால் அம்பைப் பார்த்தே எய்தவனின் பிறவிக் கணக்கையெல்லாம் சொல்லிவிடும் வழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. கால் சூம்பிப் பிறந்த பிள்ளையைக் கண்டதும் "பெத்தவ எந்தச் சென்மத்துல என்ன பாவம் பண்ணினாளோ" என்கிறார்கள். விளைவு கண்முன் இருக்கிறது. காரணம் வாய்க்கு வந்தபடி வருகிறது. இதுவும் எச்ச அனுமானம்போல் தோன்றும். ஆனால் எதை மாற்றிச் சுட்டுப் பார்த்தார்கள்?

37ஆம் குறள் பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமப்பவனையும் காட்டுகிறது. அறத்தின் பயனை நூல் சொல்லி அறிய வேண்டாம், இந்த இருவரைக் கண்டாலே போதும் என்று பரிமேலழகர் உரை சொன்னார். அந்த இருவரிடம் போய் இதுவே அறத்தின் வழி என்று சொல்லாதே என்று பிற்காலத்தார் சிலர் வேறு பொருள் கொண்டனர். பரிமேலழகரின் புலமை பெரிது. ஆயினும் இந்த இடத்தில் அவர் காட்டும் சான்று அநைகாந்திகம். தோளில் பல்லக்கு ஏறக் கடன் போதும், நிலமின்மை போதும், சாதி போதும்.

வினைக் கொள்கையையே தள்ள வேண்டும் என்பதல்ல இங்கே வாதம். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை வகுத்த சைவ சித்தாந்தமே, வினை அறிவற்ற சடம், அதை உரியவனிடம் சேர்ப்பவன் இறைவன் என்கிறது. அப்படியானால் அந்தக் கணக்கேட்டைப் புரட்டும் வேலை பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. வினையை மெய்யாக நம்புகிறவர்தான் இதில் மற்றவரைவிட அதிகமாக அஞ்ச வேண்டும்.

ஆகவே கோவை, திருப்பூர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்வினை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தால் விழுங்கிவிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.