தானம் என்று யார் பேர் வைத்தது?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்குப் போகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கூலிக்கு முன்னால் முன்பணம்தான் வாயில் வரும். அது அடையாமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. வேறொரு முதலாளி அதைக் கட்டி ஆளைக் கூட்டிப் போனால் கடனும் கூடவே போகும். அதன் மேல் வாரவட்டி, குழுக்கடன். இந்தச் சந்துக்குள்தான் கிட்னி புரோக்கர் வருகிறான். 2025 ஜூலையில் இது மறுபடி வெளியே வந்தது. திருச்சியிலும் பெரம்பலூரிலும் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை அரசு நிறுத்தியது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

டாக்டர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு, மூன்று தடவை, சாகும்வரை செலவு. மாற்று அறுவைக்கு முதலில் பெரிய தொகை, பிறகு மாத்திரை. சில வருசத்தில் மாற்று அறுவைதான் மலிவு, ஆயுளும் கூடும். கணக்கு சரிதான். நோயாளி நமக்கு எதிரியும் இல்லை. ஆனால் கொடுத்தவனுக்கு அந்தக் கணக்கில் எந்தப் பத்தி?

2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை விசாரித்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2002இல் அது வந்தது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. அப்படி விற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விசாரிக்கும்போதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடம்பு கெட்டுப்போச்சு என்றார்கள்.

'இஷ்டப்பட்டுத்தானே கொடுத்தான்' என்கிறார்கள். அந்த இஷ்டம் ஏன் தறி ஓட்டுகிறவனுக்கே வருது, தறி வைத்திருப்பவனுக்கு வரமாட்டேங்குது? 1994 சட்டப்படி சொந்தமல்லாதவர் கொடுப்பதென்றால் அன்பினாலோ பற்றினாலோ கொடுக்க வேண்டும், அதற்கென்று உள்ள குழு ஒப்ப வேண்டும். முகம் தெரியாத பணக்காரன் மேல் தறிக்காரிக்கு வந்த அன்பு! காசு வாங்கினவளும் அதே சட்டத்தில் குற்றவாளி. ஏமாந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

விற்றவர் எல்லாம் நம்ம ஆட்கள் என்று சொல்ல வரவில்லை. தறியில் எல்லாச் சாதி ஏழையும் இருக்கிறார்கள். ஆனால் டீக்கடையில் தனிக் குவளை பார்த்த சனம் நாம். குவளைக்கு இருந்த தீட்டு கிட்னிக்கு இல்லை, ரத்தக் குரூப் சேர்ந்தால் போதும். இதைச் சமத்துவம் என்று சொல்ல நாக்குக் கூச வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் 2008 முதல் இங்கே நடக்கிறது. அதில் விலை பேச ஆள் இல்லை. மலிவு என்றால் அந்த வழியை வளர்த்துச் சொல்லட்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. கிட்னி வழக்கை விசாரிக்கிறவர்கள் புரோக்கரின் செல்போனைப் பார்க்கும்போது, பட்டறையில் இருக்கும் முன்பண நோட்டையும் வாங்கிப் பார்க்கட்டும்.