மாறும் நிலத்தின் ஓசை

நிலம் மாறுவதை மக்களுக்கு எவ்வாறு உணர்த்துவது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குக் கலை பற்றியதாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்குவார்க்கு அது அறம் பற்றியதாகும். ஏக்கர்க் கணக்கும் மழையளவும் வெப்பநிலையும் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைப் படித்து நெஞ்சம் அசைவோர் சிலரே. ஆதலால், எண்களை இசையாக்கிச் செவிவழி உணர்த்தும் முயற்சி மேலை நாடுகளில் தோன்றியது.

2013ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபோர்டு, 1880 முதல் 2012 வரையிலான உலக வெப்பநிலையைச் செலோ என்னும் நரம்பிசைக் கருவியில் வாசித்தார். ஓர் ஆண்டுக்கு ஒரு சுரம். வெப்பம் மிகுந்த ஆண்டுக்கு உயர்ந்த சுரம். 2015இல் அம்முயற்சி நால்வர் இசைக்கும் வடிவம் பெற்றது. நிலநடுக்கோட்டுப் பகுதிக்குச் செலோவும், இடைப்பகுதிக்கு வயோலாவும், வடக்கே குளிர்நிலத்துக்கும் ஆர்க்டிக் பனிநிலத்துக்கும் இரு வயலின்களும் குரலாயின. வடகோடி நிலம் பிற பகுதிகளைவிட விரைந்து வெப்பமடைவதை அங்கே செவியே உணரும்.

நிலத்துக்கு ஓசை உண்டு என்பது தமிழர் அறியாத செய்தியன்று. கருப்பொருள்களைத் தொகுத்த தொல்காப்பியர், மரம், புள், விலங்கு ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நிலம் திரியுமாயின் அதன் ஓசையும் திரியும் என்பது இவற்றிலிருந்து பெறப்படும்.

இவ்வுண்மைக்கு நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்கள் சான்றாகும். ரப்பர்க் காடுகளில் காய் முற்றும் பருவத்தில் ஓடுகள் படீரென வெடித்து விதைகள் தெறிக்கும். இலையுதிர் காலத்தில் நடப்போரின் காலடியில் சருகு நொறுங்கும். விடியுமுன் பெரட்டு மணி ஒலிக்கும். ரப்பர் அகன்று செம்பனை வந்த இடங்களில் அந்த வெடிப்பொலி இல்லை. எலிகளை ஒழிக்க வளர்க்கப்படும் கூகையின் அலறலே இரவில் கேட்கிறது. நீலாய் போன்ற இடங்களில் தோட்டங்களே நகரமாயின. 1998இல் மாநில எல்லையை அடுத்த சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபின், வானூர்தியின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது.

இம்மாற்றத்தை ஒருவர் இசையாக்க முனைந்தால், எந்த ஓசையிலிருந்து தொடங்குவது? அறத்தின் வினா இங்கேதான் எழுகிறது. ரப்பரிலிருந்து தொடங்கினால், தோட்டமே இழந்த சொர்க்கமாக ஒலிக்கும். ஆனால் ரப்பரும் வந்தேறிய மரமே. அதற்கு இடந்தர அடர்வனம் அழிக்கப்பட்டது. அவ்வனத்தின் ஓசையைத் தெமுவான் பழங்குடியினர் அறிவர். பெரட்டு மணியும் ஏக்கத்துக்குரிய இசை மட்டுமன்று. உறக்கம் கலையாத தாயைப் பால்வெட்டுக்கு விரட்டிய கட்டளையும் அதுவே. அதை இனிய நாதமாக மட்டும் மாற்றுவது, உழைத்தவரின் துன்பத்தை மறைப்பதாகும். அதற்காக, மாற்றமனைத்தும் நன்மையே என்பதும் பொருந்தாது. தோட்டம் துண்டாடப்பட்டபோது வீட்டையும் கோயிலையும் அண்டை அயலாரையும் ஒருசேர இழந்தோர் பலர்.

எண்கள் பொய் கூறாதிருக்கலாம். எந்த ஆண்டை முதலாண்டாகக் கொள்வது, யாருடைய செவியால் கேட்பது என்பதை மனிதனே முடிவு செய்கிறான். அம்முடிவை மறைப்பவன், அளவுகள் அனைத்தும் சரியாயிருப்பினும் கேட்பவனை ஏமாற்றியவனாகிறான். அதனாலேயே, கேட்பவர் தாமே இயக்கும் கலைவடிவம் சிறப்புடையதாகிறது. தொடக்க ஆண்டை அவரே மாற்றலாம். வனத்தின் செவியாலும் தொழிலாளியின் செவியாலும் மாறி மாறிக் கேட்கலாம். தொடக்கம் மாறும்போது தீர்ப்பும் மாறுவதை அவர் தம் கையாலேயே கண்டறிகிறார்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. தோட்டம் மறைந்தபின்பும் அதன் பெயரைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் மாணவர், முதியோரிடம் கேட்டறிந்த ஓசைகளைப் பத்தாண்டு வாரியாகப் பட்டியலிடலாம். ஒவ்வொன்றையும் தப்பிலோ உறுமியிலோ கைத்தட்டலிலோ ஒலிக்கச் செய்யலாம். பட்டியலின் தலைப்பில் அவர்கள் முதலில் எழுத வேண்டியது ஒன்றுண்டு: எந்த ஆண்டில் தொடங்குகிறோம், யார் சொல்லக் கேட்டோம், யாரை இன்னும் கேட்கவில்லை என்பதே அது.