சம்மதத்தின் வேளை: முண்ணாண் மருத்துவம் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

எட்வின் சிமித் பப்பிரசு என வழங்கும் பண்டை எகிப்திய மருத்துவ ஏடு, காயங்களை ஆராய்ந்து ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிபுகளுள் ஒன்றைக் கூறுகின்றது: மருத்துவம் செய்யத்தக்கது, போராடிப் பார்க்கத்தக்கது, மருத்துவம் செய்வதற்கில்லாதது. கழுத்து முள்ளென்பு விலகிக் கைகால்களின் உணர்விழந்தவனுக்கு மூன்றாம் முடிபே கிடைத்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுப் பழமையுடைய அம்முடிபு இன்று இரண்டாவதை நோக்கி மெல்ல நகர்கின்றது. அந்நகர்வுக்குத் துணைநிற்பனவற்றுள் ஒன்று ஐதரோஜெல்.

ஐதரோஜெல் என்பது தன்னுள் மிகுந்த நீரைத் தாங்கி நிற்கும் பல்பகுதிய வலையாகும். 1960ஆம் ஆண்டிலே செக்கொஸ்லவாக்கியாவின் ஒட்டோ விக்டர்லே, திராகோசுலாவ் லிம் ஆகிய இருவரும் உயிருடலுக்கு ஒவ்வும் இத்தகைய பொருளை அறிமுகஞ் செய்தனர். கண்ணில் அணியும் மென்வில்லை அதன் வழிவந்ததே. கைகால்களின் நரம்புகள் அறுந்தால் ஓரளவு மீள வளரும். முண்ணாணின் நார்களோ அவ்வாறு வளர்வதில்லை. குறை நாரில் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த இழையத்திலும் உண்டு என்பதை 1981இல் மொன்றியல் ஆய்வாளர் டேவிட், அகுவாயோ ஆகியோர் காட்டினர். எலிகளின் மூளைத்தண்டையும் முண்ணாணையும் புற நரம்புத் துண்டொன்றினால் அவர்கள் இணைத்தபோது, மைய நரம்பு நார்கள் அத்துண்டினூடே நெடுந்தூரம் வளர்ந்தன. கொடிக்குப் பந்தல்போல, நாருக்கு ஏற்ற சூழலை அமைத்தலே ஜெல்லின் பணி. 2021இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்துச் சாமுவேல் ஸ்டப் குழுவினர், காயமுற்று 24 மணித்தியாலங்களின் பின் ஒரேயொரு முறை செலுத்திய ஜெல்லினால், செயலிழந்த சுண்டெலிகள் நான்கு வாரங்களுள் நடந்தன என அறிவித்தனர்.

ஒழுக்கவியல் நோக்கிலே அந்த 24 மணித்தியாலங்களே சிந்தனைக்குரியன. சுண்டெலியிடம் சம்மதங் கேட்பாரில்லை. அது தனியே ஆராயத்தக்க வினா. மனிதனிடம் கேட்டாக வேண்டும். தழும்பு இறுகுமுன் செய்வதே நன்றெனின், கேட்கும் வேளையோ, நேற்றுவரை நடந்தவன் இன்று தன் கால்களை உணராது கிடக்கும் வேளை. எந்த வாழ்வைத் தவிர்ப்பதற்காக அவன் கையொப்பமிடுகின்றானோ, அந்த வாழ்வை அவன் அறியான். அச்சமே அவனுக்கு அதனைக் காட்டுகின்றது.

அச்சம் காட்டும் உருவம் மிகையானது எனக் கருத இடமுண்டு. 1978இல் பிரிக்மன் முதலிய உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலே, விபத்தினால் உடல் செயலிழந்த 29 பேர் தம் மகிழ்ச்சியை ஏனையோரிலும் குறைவாகவே மதிப்பிட்டனர். எனினும் அம்மதிப்பீடு அளவுகோலின் நடுப்புள்ளிக்கு மேலேயே நின்றது. சிறிய ஆய்வுதான், ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையிலே லுட்விக் குட்மன் முண்ணாண் காயப் பிரிவை ஏற்றபோது, இத்தகையோரை மாய்த்தவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. அவர் ஒரு நாரையேனும் இணைத்தாரில்லை. நோயாளரை முறைப்படி புரட்டிப் படுக்கவைத்தார், தொழில் பழக்கினார், விளையாட வைத்தார், அவர்கள் வாழ்ந்தனர்.

அறியாது தரும் சம்மதம் சம்மதமாகுமா எனின், திருமணத்திற்கு உடன்படுவோரும் அதனை அறிந்தா உடன்படுகின்றனர் என்று மறுப்போர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மணப்பந்தலில் இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே அளவு அறியாதவர்கள். மருத்துவமனைக் கட்டிலருகேயோ, கேட்பவர் அறிந்தவர். அவருக்கு ஆய்வின் வெற்றியிலும் நாட்டமுண்டு. மேலும், முதற்கட்டப் பரிசோதனைகள் பெரிதும் பாதுகாப்பை அறிதற்கே நடத்தப்படுகின்றன. நடக்க விரும்புபவன் அவற்றை மருந்தென்றே கொள்கின்றான். காயத்தின் பின் முதற்சில மாதங்களிலே சிலருக்கு உணர்வும் அசைவும் தாமாகவே ஓரளவு மீளுவதுண்டு. எஞ்சிய உணர்வுடையவனுக்கு இழப்பதற்கும் ஏதோ உண்டு.

ஆகவே ஊசியின் நன்மை தீமைகளை விளக்குதல் மாத்திரம் போதாது. ஊசியில்லாத வாழ்வும் விளக்கப்படல் வேண்டும். அதனை மருத்துவரிலும் நன்கு விளக்கவல்லவர், பல்லாண்டு அவ்வாறு வாழ்ந்தவரே. கையொப்பத்திற்கு முன் ஒரு மணிநேரமேனும் அவர் கட்டிலருகே இருத்தல் தகும். அது நம்பிக்கையைக் குலைக்கும் என்பார் உளர். ஒருவனுடைய பேச்சைக் கேட்டமாத்திரத்தே குலையும் நம்பிக்கையின்மீது சத்திரசிகிச்சையொன்றை நிறுத்துதல் எங்ஙனம்?

ஆயினும் அவ்வாறு அழைக்கப்படுபவருக்கு இதனாற் பயனென்ன என்பதும் கேட்கப்படவேண்டியதே. 2009இல் முடிவுற்ற போரிலே முண்ணாண் காயமுற்ற பலர் இலங்கையின் வடபகுதியில் இன்று வாழ்கின்றனர். புதுக்காயத்திற்கெனப் பரிசோதிக்கப்படும் ஜெல், தழும்பு முற்றிய அவர்களுடைய காயங்களைத் தேடி வருவதன்று. பிறனொருவனுடைய சம்மதத்திற்குத் தம் வாழ்வைச் சான்றாகத் தரும்படி அவர்களிடம் கேட்குமுன், சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளமொன்று அந்த மருத்துவமனை வாயிலில் உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.