முட்டைக்குள் மழை

சாத்தூர்க் கரிசலில் ஐப்பசியில் பெய்யும் மழையில் கொஞ்சம் மஸ்கட்டுக்குப் போகிறது. மானாவாரியில் விளைந்த மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகிறது. அங்கே இட்ட முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. ஒரு முட்டை உருவாக, உலகச் சராசரியில் ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. விளைபொருளுக்குள் ஒளிந்து பயணப்படும் இதைத்தான் மறைநீர் என்கிறோம்.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைப்பதே ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவு மழை. சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் வேர்பிடித்ததற்கே அந்த வறட்சி ஒரு காரணம்; மருந்து காய வெயில் வேண்டுமே. அருப்புக்கோட்டை குடிக்கத் தாமிரபரணி வர வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மண் தன் மழையை முட்டையாக்கி அனுப்புவது முறைதானா?

லிட்டரை மட்டும் எண்ணினால், முறையில்லை. ஆனால் கரிசல் பிடித்துவைத்த ஈரத்தைப் பயிர் உறிஞ்சாவிட்டால் பெரும்பகுதி வெயிலில்தான் போகும். குடத்தில் பிடிக்க முடியாது. அந்த மக்காச்சோளம் யார் கிணற்றையும் வற்றவைக்கவில்லை. (கம்பும் பருத்தியும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது வேறு வழக்கு.)

அரிசியின் கதை வேறு. பஞ்சாபில் நிலத்தடியில் ஆண்டுதோறும் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இறைக்கிறார்கள். அதில் பெரும்பங்கு நெல்லுக்கு, அதுவும் இலவச மின்சாரத்தில். அந்த நெல், அரசு கொள்முதல் செய்து சேர்க்கும் மத்தியத் தொகுப்பு வழியாக எங்கெங்கோ உலையேறுகிறது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தபோதும், பேசப்பட்டது விலையைப் பற்றி. வற்றும் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றியல்ல. அடுத்த ஆண்டே தடை நீங்கிவிட்டது.

பழி உண்பவருக்கா? பட்டாசு ஆலைக்குப் போகிறவரின் தூக்குவாளியில் இருப்பது ரேஷன் அரிசிச் சோறு. 2011 முதல் அது விலையில்லாமல் கிடைக்கிறது. கம்புக்குக் காசு வேண்டும். அவரைக் கூழுக்குத் திரும்பச் சொல்வது, வயிறு நிறைந்தவர் செய்யும் உபதேசம். எதை வாங்குவது என்று தீர்மானிக்க முடிகிறவரைத்தான் கணக்குக் கேட்க முடியும். பாசுமதிப் பையைக் கூடையில் போடுகிறவருக்குப் பழியில் ஒரு பங்கு உண்டு. பெரும்பங்கு கொள்முதல் செய்யும் அரசுக்கு. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது இந்தியா கேட்டுக்கொண்டதால்தான். மத்தியத் தொகுப்பின் கிட்டங்கிகளில் அடுக்கியிருக்கும் மூட்டைகளோ, பெரும்பாலும் அரிசியும் கோதுமையும்.