ஊர் கூடி விற்ற பதவி

கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டைப் பக்கம் ஏலம் என்பது கெட்ட வார்த்தை அல்ல. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையோடு போகும் விவசாயிக்கு அன்றைய விலையைத் தீர்மானிப்பது ஏலம்தான். ஏரி மீனுக்கு ஏலம், சாலையோரப் புளியமரத்தின் காய்ப்புக்கு ஏலம், வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமைக்கு ஏலம். அதிகம் கேட்டவருக்குப் பொருள், பணம் விவசாயிக்கோ பொதுவுக்கோ. எல்லாம் ஊரறிய நடப்பது.

இந்தப் பழக்கம் பதவிக்கும் வந்தது. 2019 டிசம்பரில், இதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை அடுத்த நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாக வீடியோ பரவியது. பணம் கோயில் பணிக்கு என்றார்கள். மாவட்ட ஆட்சியர் விசாரணைக்கு உத்தரவிட்டார். சட்டப்படி தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டீக்கடையில் ஒருவர், “இதுல என்னங்க தப்பு?” என்று கேட்டால், சட்டத்தைக் காட்டுவது பதிலாகாது.

அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தேர்தல் வந்தால் பங்காளிகள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சில ஊர்களில் வெட்டுக்குத்து வரை போகும். வீட்டுக்கு வீடு காசு, குவார்ட்டர், பிரியாணி. அந்தப் பணம் யாரிடமும் நில்லாமல் கரைந்துபோகும். அதையே மொத்தமாகக் கோயிலுக்குக் கொடுத்தால் கோபுரமாவது எழும், ஊரும் அமைதியாக இருக்கும். இருட்டில் கவர் வாங்குவதைவிட வெளிச்சத்தில் விலை பேசுவது யோக்கியம் இல்லையா?

முதலில் கணக்கு. ஊராட்சித் தலைவருக்கு அன்று மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். ஐந்தாண்டு முழுக்க வாங்கினாலும் 60,000. துணைத் தலைவர் பதவிக்கு ஏன் 15 லட்சம் என்பது இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க அன்று தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்று வைத்த பூட்டு அது. ஏலத்தில் பூட்டும் சாவியும் ஒரே மேடையில் விலை பேசப்பட்டன. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் வார்டு உறுப்பினர்கள். அவர்களோ அப்போது தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. பிறக்காத பிள்ளையின் கைநாட்டையும் சேர்த்து விற்றதுபோலத்தான். இப்படிப் பார்த்தால் கோயிலுக்குக் கொடுத்தது கொடையே அல்ல. ஊர்ப் பணத்தின் மேல் வாங்கிய முன்கடன். மழை வந்தால் பெயர்ந்துவிடும் சிமெண்ட் சாலையாகவும் எரியாத தெருவிளக்காகவும் ஊரே அதை வட்டியோடு கட்டும்.

சரி, ஏலம் எடுத்தவர் ஒரு ரூபாய்கூடத் திரும்ப எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் சம்பாதித்தவர், பேருக்கு ஆசைப்பட்டுக் கொடுக்கிறார், ஊழல் இல்லை. அப்போது தப்பு தீர்ந்துவிடுமா?

தீராது. தேர்தல் கவரோடு ஒப்பிட்டால்தான் இது விளங்கும். காசு கொடுப்பதும் வாங்குவதும் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் காசு வாங்கிய பெண்மணிகூட, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டை விரித்து, வேறு சின்னத்தில் முத்திரை குத்திவிட்டு வரலாம். பலர் குத்தியிருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சில நொடிகள் அவளுக்கே சொந்தம். ஏலம் எடுத்துக்கொள்வது அந்த நொடிகளைத்தான். ஒரே மனு என்றால் போட்டியின்றித் தேர்வு. இளஞ்சிவப்புச் சீட்டுக்கே வேலையில்லை. கவர் ஒருவரின் சம்மதத்தை விலைக்குக் கேட்கிறது. ஏலமோ அவரிடம் எதையும் கேட்பதே இல்லை. வெளிச்சத்தில் நடந்தாலும் ஏலம்தான் பெரிய தப்பு.

“ஊர் கூடி எடுத்த முடிவு” என்பார்கள். ஊர் என்றால் யார்? நம் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தொகை கேட்பவர்களில் காலனிக்காரர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒற்றுமையின் அளவு தெரியும். ஊர்க் கட்டுப்பாட்டின் மறுமுகத்தை மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் காட்டின. 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு அங்கே பத்தாண்டு முறையாகத் தேர்தல் நடக்க விடவில்லை. பெயருக்கு ஒருவரை ஜெயிக்க வைத்து உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. மேலவளவில் இதேபோல் ஒதுக்கப்பட்ட பதவியில் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கெல்லாம் ஏலம் இல்லை. ஆனால் ‘ஊர் முடிவு’ என்ற அதே சொல் இருந்தது.

குஜராத்தில் போட்டியில்லாமல் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிகளுக்கு அரசே ‘சம்ரஸ்’ என்று ஊக்கத்தொகை தருகிறது. பேசிப் பேசி ஒத்துவருவதும் அதிகம் கேட்டவரோடு பேச்சை முடிப்பதும் ஒன்றல்ல. என்றாலும் அரசு பணம் வைத்து அமைதியை வாங்குவது நல்ல பழக்கமாகத் தோன்றவில்லை. மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் கறாராக நடந்துகொண்டது. நாசிக் மாவட்டம் உம்ராணேயிலும் நந்தூர்பார் மாவட்டம் கோண்டாமளியிலும் சர்பஞ்ச் எனும் ஊராட்சித் தலைவர் பதவி ஏலம் போனது தெரிந்ததும், 2021 ஜனவரியில் இரண்டு ஊர்களின் தேர்தலையும் ரத்து செய்தது.

நம் மங்கலம்பேட்டையோ ஊராட்சி அல்ல, பேரூராட்சி. இங்கே தலைவரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் அல்ல, கவுன்சிலர்கள். விலை பேச நினைப்பவர் சில ஆயிரம் பேரை மடக்க வேண்டியதில்லை. பாதிக் கவுன்சிலர்களுக்கு மேல் ஒருவர் போதும். இந்த ஊரில் நடந்தது என்று சொல்வதற்கில்லை; ஆனால் கவுன்சிலர்களை வேனில் ஏற்றிச் சொகுசு விடுதியில் வைத்துக் காவல் காப்பதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் அறிவிப்பு வரும்போது ஏதோ ஒரு கோயில் மைக்கில் ஊர்க் கூட்டத்துக்கு அழைப்பு வரும். அந்த ஏலத்தை முறிக்கப் பெரிய போராட்டம் வேண்டாம், இன்னொரு வேட்புமனு போதும். 2019-இல் அதற்கு வைப்புத்தொகை 600 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு 300. கட்டியவர் மறுநாள் காலையில் அதே தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். அப்போது அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.