தகவும் தகவமைப்பும்

‘அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது’ என்பது இன்று தமிழில் ஒரு தார்மீகச் சொல். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவது ஆள் இடம் கேட்பதற்கும், கல்யாணமான பெண் புகுந்த வீட்டில் வாய் திறக்காமல் இருப்பதற்கும், ஆபீசில் தப்பென்று தெரிந்த காகிதத்தை மேஜைக்கு மேஜை நகர்த்துவதற்கும் இந்த ஒரு சொல்தான். கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல வேண்டியிருந்தால் உயிரியலிடம் கடன் வாங்குகிறோம். சூழலுக்குத் தகவமைத்துக்கொள்வது இயற்கையின் நியதி, முடியாதது அழிந்துபோகும் என்கிறோம். முன்பு கவிதை எழுதிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் சமீபத்தில் இதை என்னிடம் சொன்னார். வெகு நிதானமாக, விஞ்ஞான உண்மையைச் சொல்லும் குரலில். அந்த நிதானம்தான் என்னைத் தொந்தரவு செய்தது.

‘தகவமைப்பு’ பாடப்புத்தகச் சொல். அதற்குள் காதில் விழும் ‘தகவு’ மிகப் பழைய சொல். தகுதி, நடுவுநிலைமை என்ற அர்த்தங்களில் வழங்கியது. உயிர் எப்படிப் பிழைத்துக்கிடக்கிறது என்று சொல்ல வந்த வார்த்தைக்குள், எப்படி இருப்பது தகும் என்று கேட்கும் வார்த்தை தங்கிவிட்டது. இரண்டும் ஒன்றுதானா என்பதே என் கேள்வி.

முதலில் விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இந்திய நன்னீர் மீன்களைப் பற்றிப் பேசும் எவரும் சுந்தர் லால் ஹோராவை (1896-1955) ஒதுக்கிவிட முடியாது. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்தவர். 1930-ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அவருடைய நீண்ட கட்டுரை, மலையோடைகளின் வேகத்தில் வாழும் உயிர்களைப் பற்றியது. தட்டையான வயிறு, பாறையைக் கவ்விக்கொள்ளும் ஒட்டுறுப்பு - ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க மீனுக்கும், தவளையின் தலைப்பிரட்டைக்கும், பூச்சிகளின் புழுப்பருவத்துக்கும் இப்படி ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஜீவன்கள், ஒரே நெருக்கடி, ஏறக்குறைய ஒரே விடை. ஹோரா இன்னொரு பக்கத்தையும் பார்த்தார்: தேங்கி, வெதும்பி, பிராணவாயு குறைந்துபோன நீரில் காற்றையே சுவாசிக்கக் கற்ற மீன்கள்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இந்த இரண்டாவது உலகம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் உண்டு. சித்திரையில் அது பாளம் பாளமாக வெடித்துக்கிடக்கும். மருதையாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். கடைசியில் மிஞ்சும் சேற்றில் கையை விட்டால் விரால் கிடைக்கும். செவுளுக்கு மேலே அதற்குக் காற்றறை இருக்கிறது. நீர் கெட்டுப்போனபின் மேலே வந்து வாய் நிறையக் காற்றைக் குடித்துவிட்டு இறங்குகிறது. மற்ற மீன்கள் மிதந்த பிறகும் அது உயிரோடிருப்பது இதனால்தான்.

நம் உபதேசிகள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் விஷயம் இன்னும் இருக்கிறது. வளர்ந்த விராலை நீர்மட்டத்துக்கு வரவிடாமல் வலை கட்டித் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். செவுள் மட்டும் இப்போது அதற்குப் போதாது. அதாவது, மீனாக இருந்து தண்ணீரில் மூழ்கிச் சாகிறது. கெட்ட நீரில் பிழைக்கக் கிடைத்த வசதி, நல்ல நீரிலும் கழற்றிவைக்க முடியாத நிபந்தனையாகிவிட்டது.

இன்னொன்று. விரால் ‘தகவமைத்துக்கொண்டது’ என்று வினைச்சொல்லில் சொல்கிறோம். எந்த விராலும் அப்படி எதையும் செய்யவில்லை. எண்ணற்ற கோடைகளில் சாகவேண்டியவை செத்து, மிஞ்சியவற்றின் வம்சம் இது. அந்த வினைச்சொல் அத்தனை சாவுகளையும் மறைத்துவிட்டு, தப்பித்தவனுக்குச் சாமர்த்தியப் பட்டம் கொடுக்கிறது. உயிரியலில் தகவமைப்பு என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி. இனி நடந்துகொள்ளவேண்டிய முறையைப் பற்றி அது யாருக்கும் புத்தி சொல்வதில்லை.

இதிலேயே நுட்பமான ஒரு சமாதானம் உண்டு. அமெரிக்கத் தொல்லுயிர் அறிஞர் ரோமர் சொன்ன விளக்கம்: ஆதி மீன்களுக்குக் கால்கள் பயன்பட்டது நிலத்தை வெல்வதற்காக அல்ல, வற்றிய குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போய் மீனாகவே இருப்பதற்காக. அழகான எண்ணம். ‘நான் மாறியதெல்லாம் மாறாமல் இருப்பதற்காகத்தான்’ என்று நாம் ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்வதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. பத்திரிகைக்காரன் கேட்டபடி எழுதுகிறேன், என் எழுத்தைக் காப்பாற்றத்தான். ஆனால் பிற்பாடு கிரீன்லாந்தில் கிடைத்த அக்காந்தோஸ்டீகா என்ற புதைபடிவம் ரோமரைச் சங்கடத்தில் விட்டது. அதற்குக் கைக்கு எட்டு விரல்கள் இருந்தன. இருந்தும் அது நீரில் வாழ்ந்த பிராணி. நடப்பதற்கு முன்பே, நடக்கும் உத்தேசம் இல்லாமலே கால் வந்துவிட்டது. நோக்கம் என்பது நாம் பின்னால் போய் ஒட்டவைப்பது.

பின்னால் ஒட்டவைக்கும் இந்தக் காரியத்துக்கு நம் கடற்கரையிலேயே ஒரு கதை உண்டு. 1791 நவம்பரில், தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப், குளக்கரைப் பனைமரத்தின் பட்டைப் பிளவில் ஒரு மீனைக் கண்டார். நீரிலிருந்து சுமார் 5 அடி உயரம். அது இன்னும் மேலே ஏற முயன்றுகொண்டிருந்தது என்று எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சொசைட்டி அதை வெளியிட்டது. தமிழில் பனையேறிக்கெண்டை என்கிறோம். அது ஈரத்தில் குளம் விட்டுக் குளம் ஊர்ந்துபோவது நிஜம். மரம் ஏறுவது பற்றிப் பின்னால் வந்தவர்கள் தந்த விளக்கம் வேறு: தரையில் போகும் மீனைக் காகமோ பருந்தோ கவ்விக்கொண்டுபோய் மரத்தில் செருகிவைத்திருக்கும். டால்டார்ஃப் பொய் சொல்லவில்லை. மீன் துடித்ததைப் பார்த்தார். உயரத்தில் இருப்பவன் ஏறித்தான் வந்திருப்பான் என்று நினைத்துவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு என் ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிளையில், பயிர்க்கடனோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றையும் தலையில் கட்டுவது வழக்கமாக இருந்தது. இலக்கு மேலே இருந்து வரும். மக்காச்சோளம் போட்டிருந்த பெரியவர் ஒருவர், கவுண்டருக்கு அந்தப்புறம் நின்று பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த ரெண்டாயிரத்து நானூறு எதுக்கு சார் புடிச்சிருக்கு?” என்று கேட்டார். “கடனோட வர்றதுதான் பெரியவரே” என்றேன். நான் சொன்னதில் பொய் என்று பிரித்துக் காட்டக்கூடிய வார்த்தை எதுவும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் நான் கேட்ட ஊருக்கே மாற்றல் கிடைத்தது. ‘பையன் சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி நடந்துக்கத் தெரிஞ்சவன்’ என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். நான் ஏறவில்லை. ஏதோ ஒரு காகம் கொண்டுபோய் வைத்தது.

அன்று எனக்குக் கைகொடுத்த பழமொழி, நுணல் தன் வாயால் கெடுவதைப் பற்றியது. மணலுக்குள் பத்திரமாக மறைந்திருந்த தவளை கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறது. ஆகவே வாயை மூடு. எழுதாமல் இருப்பவர்கள் தங்கள் மௌனத்துக்கும் இதையே சொல்கிறார்கள் - காலம் சரியில்லை, உள்ளே கிடக்கிறேன். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் தவளையைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஒரு தடிப்பு. அதனால் தோண்டிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குகிறது. மாதக்கணக்கில் சத்தமில்லை. முதல் பெருமழையில் வெளியே வந்து, ராத்திரி முழுக்கக் கத்துகிறது. கத்தாத ஆணுக்கு இணை இல்லை. அதன் வம்சமும் அத்தோடு சரி. அந்த மாதங்களின் மௌனமே இந்த ஒரு ராத்திரிக்காகத்தான். பழமொழி தவளையைப் பிடிக்கப் போனவன் சொன்னது. தவளை சொன்னதில்லை.

இப்போது நானும் இயற்கையிலிருந்து நீதி பிழிகிறேன் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயம். தவளை கத்துவதில் வீரம் எதுவும் இல்லை. விரால் சேற்றில் கிடப்பதில் கோழைத்தனமும் இல்லை. இரண்டுக்கும் வேறு வழி கிடையாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: மௌனத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட்ட தவளை, கூண்டில் ஏறியதும் வேறு மாதிரி சொல்கிறது. இரண்டு தரப்புக்கும் அது சாட்சியாகாது என்றால், அதை விட்டுவிடுவோம்.

விட்டுவிட்டால் மிஞ்சுவது மனிதக் காரியங்கள். இதே மருதையாறு 1956 நவம்பர் 23 விடியுமுன் வெள்ளத்தில் பாலத்தைக் குலைத்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மெஹபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. இந்தமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த வருஷமே அவர் திரும்ப மந்திரியானார், ஆகவே அதுவும் ஒரு சாமர்த்தியம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும். பாலத்தை அவர் கட்டவில்லை, ஆற்றை அவர் திறந்துவிடவில்லை. ‘சூழ்நிலை’ என்று சொல்லிவிட எல்லா வசதியும் இருந்தது. அதைச் சொல்லாமல் ‘நான்’ என்று ஒருவர் சொன்னார். ராஜினாமா என்ற ஒன்று உயிரியலில் கிடையாது. சூழலுக்கும் தனக்கும் நடுவே ஒரு ‘நான்’ நுழைகிற இடத்தில்தான் தகவு என்ற பேச்சே தொடங்குகிறது.

எல்லோரும் ராஜினாமா செய்துவிட முடியாது. நானும் செய்யவில்லை, செய்வதாகவும் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. சேற்றில் கிடக்க வேண்டியிருந்தால் கிடக்கலாம். அதற்கு விராலைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம் என்பதுதான். நண்பருக்கும் இதையே சொன்னேன். எழுதாமல் இருப்பதற்கு அவருக்குக் காரணங்கள் இருக்கலாம், அவை அவருடையவை.

அந்தப் பெரியவரின் பாலிசி இரண்டாவது தவணை கட்டப்படாமல் காலாவதியானது. 2,400 ரூபாயும் போயிற்று. அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.